கீழே எழுதியிருந்தது

மார்ச் 4

பாப்பாவுக்கு, அப்பா சொல்லி எழுதுவது.

கையெழுத்து யாருடையது என்று யோசிக்காதே. கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிற தங்கச்சி எழுதுகிறாள். கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று முதலிலேயே பேசிவிட்டேன். உன் விலாசத்தை மாப்பிள்ளையிடம் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. "நம்பர் மட்டும் கேக்காதீங்க மாமா. கடிதம்னா அவ பிரிக்கலாம், பிரிக்காமலும் இருக்கலாம். அது அவ இஷ்டம்" என்கிறார். பெற்ற மகளிடம் பேச எனக்கு இப்படி ஒரு சுற்றுவழி.

முப்பத்தைந்து நாள் ஆகிறது. உன் நம்பரைப் போட்டால் அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒருத்தி பாடமாக ஒப்பிக்கிறாள். அவளிடம் எவ்வளவு நேரம் பேசுவது?

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? வரிசையாகச் சொல்கிறேன். எங்கே தப்பு என்று நீ காட்டு.

மன்றம் என்கிற அந்த ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்தது நீ. நான் வேலையை விட்ட மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது வருஷம் ஆகிறது. "அப்பா, இதுல எழுத்தே கிடையாது, எல்லாம் பேச்சுதான். நீங்க பேசலாம், கேக்கலாம். நான் வேலை பாக்குற கம்பெனிதான் நடத்துது" என்றாய். அதற்குள் மோட்டாரைப் பற்றியே பேசுகிற மோட்டார் அறையில் என்னைச் சேர்த்துவிட்டதும் நீதான். எங்கேயோ இருக்கிற யாரோ ஒருத்தர் தன் வீட்டுப் பம்ப் சத்தத்தைப் பதிவு செய்து போடுவார். நான் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, காயில் நல்லாருக்கு, பிரிக்காதீங்க" என்பேன். காதுக்காரர் என்று எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். நடுவில், பேச்சுக்குக் கீழே எழுத்திலும் பதில் போடலாம் என்று உங்கள் கம்பெனி கொண்டுவந்தது. அதை நான் கண்டுகொண்டதில்லை. எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வேண்டியவர்கள் பேசுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி இருபதாம் தேதி காலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி எல்லாப் பேச்சையும் எந்திரம் எழுத்தாக மாற்றிவிடும், ஏப்ரல் முப்பதோடு ஒலிகள் அழிக்கப்படும் என்று. சொன்னது உன் குரல். "வணக்கம்" என்று நீ ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துத் தெரியாத அப்பனுக்கு மகள் கொடுக்கிற செய்தியா இது? கெட்டுப்போன மோட்டாரின் சத்தத்தை எந்திரம் எந்த எழுத்தில் எழுதும்?

மன்றமே கொதித்தது. சம்பளம் வாங்காமல் அறைகளைப் பார்த்துக்கொள்கிற அறைக்காரர்கள் ஆயிரக்கணக்கான அறைகளைப் பூட்டிவிட்டார்கள். சிலர் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தத்தையே அரை மணி நேரம் பதிவு செய்து போட்டார்கள், எந்திரம் மண்டை காயட்டும் என்று. எங்கள் அறைக்காரர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "காதுக்காரரே, நீங்க ஒரு வார்த்தை பேசுனா நாங்க நூறு பேர் கத்துனதுக்குச் சமம்" என்றார். பேசினேன்.

என்ன பேசினேன்? உள்ளதைப் பேசினேன். அறிவிப்புச் சொன்னவள் என் மகள் என்றேன். அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து நேராக, தோளில் சாமான் பையோடு போனேன். வாசலில் டீச்சர் "யாரு இவரு?" என்று கேட்டாள். என் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "பம்ப் பாக்க வந்த மெக்கானிக் டீச்சர்" என்றாள். நானும் கொல்லைப்பக்கம் போய் அந்தப் பம்பைப் பார்த்தேன். வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அன்னிக்கு என்னை யாருன்னு தெரியாதுன்னுட்டா, இன்னிக்கு நம்ம எல்லாரையும் தெரியாதுங்கறா" என்று சொல்லி முடித்தேன்.

இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா? எனக்கு எண் படிக்கத் தெரியும். மறுநாள் பார்த்தால் அதன் கீழே இருபத்திரண்டாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். என் ஆயுசில் என் பேச்சுக்கு அத்தனை பேர் பதில் சொன்னதில்லை. உடனே இன்னொரு பேச்சுப் போட்டேன். "எழுதுன எல்லாருக்கும் கும்பிடு. நீங்க எழுதுன ஒவ்வொண்ணுக்கும் நன்றி" என்று.

உண்மையைச் சொன்னதற்காக ஒரு மகள் நம்பரை மாற்றுவாளா? சொல்லு. (தங்கச்சி, கடைசி வரியை அடிச்சிடு. எழுதிட்டியா? சரி, இருக்கட்டும்.)

அப்பா


மார்ச் 15

அப்பாவுக்கு,

முதலில், இதைப் படித்துக் காட்டுகிற அக்காவுக்கு: நடுவில் சில வரிகள் வாயில் வராது. தயவுசெய்து விடாமல் படியுங்கள். அவர் காதில் விழ வேண்டும்.

எங்கே தப்பு என்று காட்டச் சொன்னீர்கள். நீங்கள் நன்றி சொன்னீர்களே, அந்த இருபத்திரண்டாயிரத்தில் சிலவற்றைக் காட்டுகிறேன். "பெத்த அப்பனையே மறுத்த நாய்." "இவ வீட்டு விலாசம் யாருகிட்ட இருக்கு?" அதற்குக் கீழேயே விலாசம். "இவளுக்குப் புள்ள இல்லையாம், கடவுள் கணக்கா இருக்கான்." இன்னும் எழுதுவேன், அந்த அக்காவை நினைத்து நிறுத்துகிறேன். இதெல்லாம் வந்த மறுநாள் நீங்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டீர்கள். "பாரு, அப்பனே சொல்லிட்டாரு" என்று அதன்பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. "பம்ப் பாக்க வந்த மெக்கானிக்" என்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஒலிபெருக்கியில் போட்டார்கள். உங்கள் குரலில். திரும்பத் திரும்ப. உங்கள் மாப்பிள்ளை வெளியே போய்க் கெஞ்சினார். அதையும் படம் பிடித்தார்கள்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் இதையெல்லாம் சொல்ல வேண்டிவரும்.

இப்போது நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். அந்த முடிவை எடுத்தது யார் என்று என்னிடம் ஏன் கேட்கவில்லை? என் நம்பர் உங்களிடம் இருந்தது. இரண்டு நாள் அவகாசம் இருந்தது. ஒலியை அழிக்கக் கூடாது என்று ஏழு மாதம் உள்ளே சண்டை போட்டவள் நான். கம்பெனியை வாங்கிய புது முதலாளிகளுக்குப் பேச்சு வேண்டாம், எழுத்து வேண்டும். எழுத்தாக இருந்தால் அதைத் தேடலாம், பிரிக்கலாம், விளம்பரக்காரர்களுக்கு விற்கலாம். சத்தத்தை யார் வாங்குவார்கள்? கடைசிக் கூட்டத்தில் எங்கள் தலைவர், "ரெண்டு வாரம் கத்துவாங்க, அப்புறம் திரும்பி வந்துடுவாங்க. எப்பவும் அப்படித்தான்" என்றார். தோற்றுவிட்டேன். எப்படியும் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்றத்து மக்களுக்குப் பழகிய குரலாக நான் சொன்னால் வலி கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

ஒன்று தெரியுமா? ஜனவரி இருபத்தொன்றாம் தேதி தலைவர் பயந்துபோயிருந்தார். அறைகள் பூட்டியிருந்தன, பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். முடிவைத் தள்ளிவைக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. இருபத்திரண்டாம் தேதி நீங்கள் பேசினீர்கள். அதன்பிறகு சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள், மன்றம் வெற்றி விழா கொண்டாடியது, அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முடிவு மாறவில்லை.

இப்போது ஒரு கண் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அது போதும்.

பாப்பா என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் மகள்.


மார்ச் 22

பாப்பா,

உன் கடிதத்தைத் தங்கச்சி படித்தாள். நாய் என்ற இடத்தில் நிறுத்தினாள். நான் மேலே படி என்றேன். விலாசம் என்ற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அடுத்ததைப் படிக்கும்போது காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவர்களுக்குக் கும்பிடு போட்டேன். என் மகளைத் தின்றவர்களுக்கு நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

அப்போதும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. நீ என்னிடம் ஏழு மாதம் சொல்லவில்லையே? ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசினோம். டிசம்பர் எட்டாம் தேதிகூடப் பேசினாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பல் வலி எப்படி இருக்கு. இதைத் தாண்டி நீயும் நானும் என்றைக்குப் பேசினோம்? ஒரு நாள் வாய்தவறியாவது, "அப்பா, உங்க சத்தத்தையெல்லாம் அழிக்கப் போறாங்க, நான் தடுத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருக்க மாட்டேனா? ஊருக்குச் சொல்கிற அன்றைக்கு, ஊரோடு ஊராக எனக்கும் சொன்னாய். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. மோட்டார் அறை போகிறதே என்று அல்ல. உன்னிடம் கேட்காமல் போனதற்கு இது சமாதானம் ஆகாது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடக் கதையை நான் முப்பது வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ அன்றைக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாய், ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டிவிட வேண்டும் என்று கை வந்தது. மெக்கானிக் எப்படி ரிப்பன் கட்டுவான்? அதனால் பம்பைப் பார்க்கப் போனேன். இதைப் போய்ச் சந்தையில் கொட்டியிருக்கிறேன்.

சரி, அப்பன் கெடுத்ததை அப்பன்தான் சரிசெய்ய வேண்டும். கண்டக்டர் தினமும் பேசுகிறார். "காதுக்காரரே, மாசக் கடைசில எல்லாரும் கூடுறோம், வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்கிறார். எல்லோரும் கேட்கும்போது உன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கேட்டவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள் அல்லவா? நீ கவலைப்படாதே.

அப்பா


ஏப்ரல் 1

அப்பா,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. மாடிப்படியில் நின்றே படித்தேன். அவசரமாக எழுதுகிறேன்.

பேசாதீர்கள். என்னைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம், நல்ல வார்த்தையும் வேண்டாம். அவர்கள் மறந்துவிட்டார்கள். இப்போது வேறு யாரையோ பிடித்திருக்கிறார்கள், அதுவும் பாவம் ஒரு பெண்தான். மறதி ஒன்றுதான் எனக்கு இப்போது பாதுகாப்பு. மாதக் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதம்? ஏப்ரல் கடைசியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ரிப்பனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் டீச்சர் வகுப்பில், "கைநாட்டு வைக்கிற அப்பா அம்மால்லாம் தனி மேஜைக்கு வரணும். மை நிறைய வாங்கி வெச்சிருக்கேன்" என்று சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் கையெழுத்துப் புத்தகம் இருந்தது. பக்கத்து மேஜையில் மைப்பெட்டி, அதன்மேல் பெரிய எழுத்தில் ஓர் அட்டை. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லோர் முன்னாலும் உங்கள் விரலைப் பிடித்து அழுத்துவார்கள் என்று பயந்தேன். மெக்கானிக் என்றால் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழு உண்மை அது இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான். எது எவ்வளவு என்று பதினோரு வயதிலும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நீங்கள் ஒரு நாள் கேட்டிருந்தால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏழு மாதத்தையும் அப்படித்தான் சொல்லாமல் விட்டேன். நீங்கள் எழுதியது சரிதான்.

பேசாதீர்கள் அப்பா.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

முடிந்தது! மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் மன்றத்தில் பேசினேன். பதினெட்டு நிமிஷம். தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள். (எழுதும்மா, வெட்கப்படாதே.)

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிவு எடுத்தது நீ இல்லை, ஏழு மாதம் போராடினாய், தலைவர் என்ன சொன்னார் என்பது வரைக்கும். "என் மகள் இன்னிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதிக்கிட்டு, யாரையும் ஒரு சொல் குறை சொல்லாம உட்கார்ந்திருக்கா. நீங்க திட்ட வேண்டியது அவளை இல்ல, என்னை" என்றேன். கண்டக்டர்தான் முதலில் பேசினார். "காதுக்காரரே, எங்களை மன்னிச்சிடச் சொல்லுங்க அந்தப் பொண்ணை" என்றார். இன்னும் பலர் அதையே பேசினார்கள். பேசினவர்களைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். கீழே எழுதியிருப்பதைத் தங்கச்சியைப் படிக்கச் சொன்னேன். முதல் இருபதும் நல்லதாகவே இருந்தது. "சபாஷ் பெரியவரே" என்று ஒருத்தர், "கண்ணில் தண்ணி வந்துடுச்சு" என்று ஒருத்தர். அதற்குள் அவளுக்கு ரவிக்கை கேட்டு ஆள் வந்துவிட்டது. போதும் விடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும் என்று எதிர்பார்க்கலாமா? கட்டாயம் இல்லை. வந்தால் நல்லது.

அப்பா


ஏப்ரல் 12

அப்பா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன.

இருபதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எந்தக் கண் ஆஸ்பத்திரி என்று தேட ஆரம்பித்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரிகள் எத்தனை இருக்கும்? மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் மன்னிப்புக் கேட்க வந்தார்கள், பூங்கொத்தோடு. பாதிப் பேர் தலைவரைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டும் என்று வந்தார்கள். சிலர் சும்மா பார்க்க வந்தார்கள். எல்லோர் கையிலும் போன். கண்ணில் கட்டுப் போட்ட நோயாளிகள் நடுவில் நின்றுகொண்டு, "மேடம், ஒரே ஒரு வார்த்தை. அப்பாவை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

கம்பெனியிலிருந்து வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. உள்ளே நடந்த பேச்சை வெளியில் சொன்னதற்காக. தலைவர் சொன்னதை நீங்கள் அப்படியே சொல்லியிருக்கிறீர்கள், ஒரு சொல் மாறாமல். உங்கள் ஞாபகம் அப்படி.

ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள். கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா" என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேறு வீடு மாறுகிறோம். விலாசத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் கொடுத்தால்.

உங்கள்மேல் கோபம் இல்லை. அன்பாகத்தான் செய்தீர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.


மே 3

பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை விலாசம் கொடுத்தார். பின்கோடைக்கூட இரண்டு தடவை நிறுத்திச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

இந்தத் தடவை சமாதானம் எதுவும் இல்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன்.

உன்னைப் பற்றி நான் பேசிய மூன்று பேச்சையும் எடுத்துவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். சாகிற நாள் வரைக்கும் எந்திரம் அதை எழுத்தாக வைத்திருக்கும் என்று தங்கச்சி சொன்னாள். சத்தம் போய்விடும், அந்த எழுத்து மட்டும் நிற்கும். கண்டக்டர் தேடிப் பார்த்துவிட்டு, நாலு பேர் கேட்ட பேச்சை எடுக்கலாம், இத்தனை ஆயிரம் பேர் கேட்டதைக் கம்பெனி தனியாக எடுக்க விடாது என்றார். எடுத்தால் என் கணக்கு முழுவதும் போக வேண்டும். ஒன்பது வருஷம், நாலாயிரத்து நூறு மோட்டார். அப்போது அறையில் முப்பது பேர் உட்கார்ந்து என் பழைய பேச்சையெல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஏப்ரல் முப்பதுக்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்று. கால்வாசிதான் முடிந்திருந்தது. "பத்து நாள் பொறுங்க காதுக்காரரே, காலைப் பிடிக்கிறேன்" என்றார் கண்டக்டர். பத்து நாளில் உன் வாசலுக்கு எத்தனை வண்டி வரும்? இருபதாம் தேதி தங்கச்சியை அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். போய்விட்டது.

இப்போது என்னைத் திட்டுகிறார்களாம். ஒன்பது வருஷம் தாத்தா, ஐயா, அண்ணன் என்று கூப்பிட்டவர்கள். கம்பெனியிடம் விலை போனவன் என்கிறார்களாம். நல்லது. உன்னை விட்டுவிட்டு என்னிடம் வரட்டும்.

இன்னொன்றும் செய்தேன். அழிக்கிறதற்கு முன்னால், முதல் பேச்சுக்குக் கீழே எழுதியிருந்ததைத் தங்கச்சியைப் படிக்கச் சொன்னேன். நீ படித்ததை நான் கேட்காமல் இருப்பது நியாயம் இல்லை என்று பட்டது. நாலு நாள், அவள் தையல் வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம். அறுநூற்றுப் பன்னிரண்டு கேட்டேன். நாலாம் நாள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "இதுக்கு மேல என் வாயால முடியாது அண்ணே. நானும் ஒரு பொம்பளை" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ ஒரு நாள் மறந்துவிடுவாய், மறக்க வேண்டும். எனக்கு அந்த வசதி இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது நூற்று நாற்பதாவது வருகிறது. அது உன் அம்மாவைப் பற்றியது. அவளை இதில் யார் இழுத்தார்கள்? நான்தான்.

மை மேஜையைப் பற்றி எழுதியிருந்தாய். எது எவ்வளவு என்று தெரியவில்லை என்றாய். தெரிய வேண்டாம் பாப்பா. எவ்வளவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த வாசலில் நான் திரும்பி, "இல்லைங்க டீச்சர், நான் இவ அப்பா" என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். விரலில் மை பட்டால் என்ன, தினமும் கிரீஸ் படுகிற விரல்தானே. சொல்லாமல் போனது ரோஷம். ரோஷத்தை முப்பது வருஷம் ஞாபகம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை உன்னோடு பேச வேண்டும். இரண்டு நிமிஷம். நீ பேச வேண்டாம், கேட்டால் போதும். முடியுமா?

அப்பா


மே 16

அப்பா,

அறுநூற்றுப் பன்னிரண்டு! ஏன் அப்பா? நானே முந்நூறுக்கு மேல் பார்க்கவில்லை. அவர்தான் போனைப் பிடுங்கி வைத்தார்.

அழித்ததால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். வெட்டி எடுத்தவர்களிடம் அது இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் அழித்தீர்கள் என்று படித்தபோது சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். நாலாயிரத்து நூறு. ஒவ்வொன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றும் தெரியும்.

பேச முடியுமா என்று கேட்டீர்கள். மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன். இப்போது முடியாது. கோபம் இல்லை, தண்டனையும் இல்லை. வாசலில் அவர்கள் ஒலிபெருக்கியில் போட்டது உங்கள் குரலை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. சமையலறையில் நின்றாலும் கேட்டது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாலும் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் உங்களைப்போலவே தொண்டையைச் செருமிவிட்டு, "அம்மாடி" என்றார். பேனா கீழே விழுந்துவிட்டது. அவர் கேட்டது கழிப்பறைக்கு வழி.

நீங்கள் என்ன நல்லது சொன்னாலும் என் உடம்பு அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறது. எப்போது சரியாகும் என்று தெரியவில்லை. சரியாகுமா என்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மாவிடம் போய்க்கொண்டிருக்கிறேன்.

எழுதுங்கள். அந்த அக்காவின் கையெழுத்தில் வந்தால் என்னால் படிக்க முடிகிறது. உங்கள் பேச்சு அதில் முழுதாக இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. சத்தத்தை அழித்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏழு மாதம் சண்டை போட்ட நான் இதை உங்களிடம் கேட்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

மன்றத்தைப் பற்றி வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள்.

பாப்பா


மே 27

பாப்பாவுக்கு,

சரி.

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற வேலை நிறைய வந்திருக்கிறது. பெடல் கிறீச்சிட்டது, எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். மாடியில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறார்கள், நாள் முழுக்க எதையாவது இழுத்துப் போடுகிறார்கள். என் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இனி அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை போன் செய்தார். வாடகை ஒப்பந்தத்துக்கு என் ஆதார் நகல் ஏதோ வேண்டும் என்று ஆரம்பித்தார். (தங்கச்சி, அதை அடிச்சிடு. ஏதோ காகிதம்னு எழுது.) நான் போனைக் காதில் வைத்ததும் பின்னால் சத்தம் கேட்டது. யாரோ அலமாரியில் தட்டுகளை அடுக்குகிறார்கள். பெரியதை அடியில் வைத்துச் சிறியதை மேலே வைக்கிறார்கள். உன் அம்மா அடுக்குகிற மாதிரி. நீ பக்கத்தில் இருக்கிறாய், மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.

"மாமா, கேக்குதா? மாமா?" என்றார். போனை நகத்தால் இரண்டு தடவை தட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரர். அதன்பிறகு அவராகவே ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார், வீடு மாறியது, புது வீட்டில் வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று. நீ நடந்து போனாய். ஒரு காலை இழுத்து வைக்கிறாய், பாதம் ஏதாவது வலிக்கிறதா? தண்ணீர் பிடித்தாய். ஒரு முறை இருமினாய். பதினோரு நிமிஷம்.

அந்தக் கூடத்து ஃபேனில் கீழ் பேரிங் போய்விட்டது. அடியில் உட்காராதீர்கள், நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல். காயிலைக் கை வைக்க விடாதே, அது நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளை வைக்கிறேன் மாமா என்றார். நான் வைக்கவில்லை. அந்தப் பக்கம் துண்டித்து வெறும் சத்தம் வந்தபிறகுதான் செருமினேன்.

அப்பா